சரக்கிலிருந்து வரும் சிரிப்பு

‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள். வேப்பூர் கூட்ரோட்டைச் சுற்றி டீக்கடை, பெட்டிக்கடை, பஞ்சர் கடை என்று எத்தனையோ இடங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்குப் போய்க் கேட்டாலும் பலகை அதையேதான் சொல்லும். கடன் கேட்க வந்தவர் முகம் சுண்டாமல் சிரித்துவிட்டுச் சட்டைப் பையில் கை விடுகிறார். கடைக்காரருக்கும் தெரிந்த மனிதரிடம் ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை. யார் முதலில் எழுதினார்கள் என்று தெரியாத இந்த நாலு சொல்லை வியாபார எழுத்தில் ஆகச் சிறந்ததாக நான் மதிக்கிறேன். விஷயம் முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது, யார் மனமும் நோகவில்லை, சிரிப்பும் வருகிறது.

வியாபார மடல் எழுதுவது என் பிழைப்பு. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இருக்கும் சில சிறிய யூனிட்டுகளுக்காக, அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒரு முறை போகும் மின்னஞ்சல் மடலை வேப்பூரில் என் வீட்டிலிருந்தே எழுதி அனுப்புகிறேன். பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, டீ கப், கொலு பொம்மை, அகல் விளக்கு என்று சரக்கு பல வகை. மடலைப் படிப்பவர்களும் அப்படித்தான்: எலெக்ட்ரிக்கல் கடைக்காரர்கள், பரிசுப் பொருள் கடைகள், கம்பெனிகளின் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர்கள், கல்யாணத் தாம்பூலப் பையில் போட மொத்தமாக வாங்கும் வீட்டுக்காரர்கள், வெளிநாட்டில் கொலு வைக்கும் தமிழ்க் குடும்பங்கள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது ஈமெயில் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியல் மறுநாளே குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எல்லாம் பெரும்பாலும் மெயிலில்தான் நடக்கின்றன; ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் அங்கே கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் நெரிசல் அதிகம். 1978 மே 3-ம் தேதி கேரி துர்க் என்ற அமெரிக்க விற்பனைப் பிரதிநிதி, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் கம்ப்யூட்டர்களை விற்பதற்காக, இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலைப்பின்னலில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். வரலாற்றில் முதல் மொத்த விளம்பர மின்னஞ்சல் அதுதான் என்கிறார்கள். வாங்கியவர்களில் பலருக்கு அன்றைக்கே கோபம் வந்தது. இன்றைக்கு வங்கி, இன்ஷூரன்ஸ், துணிக்கடை, டிக்கெட் கம்பெனி எல்லாம் ஒரே பெட்டியில் முட்டி மோதுகின்றன. இதற்கு நடுவே விருத்தாசலத்துப் பியூஸ் கேரியரைப் பற்றிய மடலை ஒருவர் ஏன் திறக்க வேண்டும்?

“ஏம்மா, பிசினஸ் லெட்டர்ல போயி ஜோக்கா? நம்மள மதிப்பாங்களா?” என்று நான் எழுதிக் கொடுக்கும் யூனிட் முதலாளி ஒருவர் ஆரம்பத்தில் கேட்டார். “மதிப்பாங்கண்ணே. ஆனா ஜோக்கு நம்ம சரக்கப் பத்தி இருக்கணும்” என்றேன். இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே கொள்கை அதுதான். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாட்ஸ்அப் ஜோக், சினிமா மீம், வடிவேலு படம் ஆகியவை எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சிரிப்பவர் வடிவேலுவுக்காகச் சிரிக்கிறாரே தவிர, நம் ஜாடியை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சரக்கை உருட்டிப் பார்த்து, அது எப்படி உருவாகிறது, எங்கே தகராறு பண்ணுகிறது என்று தெரிந்தவரால் மட்டுமே சொல்ல முடிகிற நகைச்சுவை வேறு. அது சிரிக்க வைக்கும்போதே, ‘இவனுக்குத் தொழில் தெரியும்’ என்ற நம்பிக்கையையும் கொடுக்கிறது.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். கொலு பொம்மை வாங்கும் கடைக்காரர்களிடமிருந்து வருடா வருடம் ஒரு புகார் வரும்: ஒரே அச்சில் எடுத்த இரண்டு பிள்ளையார்கள் ஏன் மயிரிழை உயரம் மாறுகிறார்கள்? இதற்குப் பதில் மண்ணில் இருக்கிறது. களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து அரைத்துக் கூழாகக் கரைத்ததை ஸ்லிப் என்பார்கள். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் கனமாகப் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாக இருக்கும் பொம்மை கிடைக்கும். அது காயும்போது ஒரு சுற்று சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னொரு சுற்று. மொத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும். சூளையில் எல்லா மூலையிலும் சூடு ஒரே மாதிரி இருக்காது. கூடுதல் சூட்டில் இருந்த பொம்மை இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

இதைப் பழைய முறையில் எழுதினால், ‘உற்பத்தி முறையின் தன்மை காரணமாக அளவுகளில் சிறு வேறுபாடுகள் ஏற்படலாம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று வரும். யாரும் படிக்க மாட்டார்கள். படித்தாலும் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். மடலில் நான் எழுதியது இது:

“ஒரே அச்சில் பிறந்த இரட்டைப் பிள்ளையார்கள்தான். சூளையில் தீக்குப் பக்கத்தில் இடம் பிடித்தவர் கொஞ்சம் கூடுதலாக இளைத்துவிட்டார். தொப்பை மட்டும் இருவருக்குமே குறையவில்லை. ஜோடியாக வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆர்டரில் ‘ஜோடி’ என்று எழுதுங்கள். உயரம் ஒத்துப்போகிற இருவரைப் பார்த்து எடுத்துவைக்கிறோம்.”

சுருங்குவது ஏன் என்ற பதிலும், என்ன செய்து தருவோம் என்ற வாக்கும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அந்த வருடம் ஆர்டர் படிவங்களில் ‘ஜோடி’ என்ற சொல் வர ஆரம்பித்தது. திருச்சிப் பக்கம் ஒரு கடைக்காரர், “இளைக்காதவரா ரெண்டு பேர் அனுப்புங்க” என்று பதில் போட்டிருந்தார். பதில் போட வேண்டும் என்று வாங்குபவருக்குத் தோன்றிவிட்டால் மடல் வேலை செய்துவிட்டது என்று அர்த்தம்.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட வியாபார மின்னஞ்சல் ஒன்றும் இதே வழியில் பிறந்ததுதான். டெரெக் சிவர்ஸ் என்ற இசைக்கலைஞர் 1998-ல் சிடி பேபி என்ற இணையக் கடையைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளின் ஆதரவு இல்லாத பாடகர்களின் சிடிக்களை அது விற்றது. ‘உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது’ என்று எல்லாக் கடையும் அனுப்பும் சாதாரண அறிவிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்து சிறிது நேரத்தில் வேறு ஒன்று எழுதினார். சிடியைக் கையுறை போட்ட கைகளால் எடுத்துப் பட்டுத் தலையணையில் வைத்ததாகவும், ஐம்பது பேர் கொண்ட குழு அதைத் துடைத்துச் சோதித்ததாகவும், ஜப்பானிலிருந்து வந்த பேக்கிங் நிபுணர் மெழுகுவத்தி ஏற்றியதாகவும், ஊரே திரண்டு தபால் நிலையம் வரை போய்க் கையசைத்து வழியனுப்பியதாகவும் அந்த மடல் சொல்லியது. படித்தவர்கள் அதை நண்பர்களுக்கு அனுப்பினார்கள், இணையத்தில் எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்துப் புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். சிவர்ஸ் 2008-ல் அந்தக் கடையை 2.2 கோடி டாலருக்கு விற்றார்.

இதில் நான் கவனிப்பது, அவர் நகைச்சுவையை வைத்த இடத்தை. காசு கட்டியாகிவிட்டது, சாமான் கிளம்பிவிட்டது, வாங்கியவர் நிம்மதியாக இருக்கிறார். அந்த நேரத்தில் வருகிற மடலில் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே ஒருவர் சிரிக்க வைத்தால் அது பரிசு. விற்பதற்காக வரும் மடலில் சிரிக்க வைப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் படிப்பவர் மனதில் ‘இவன் என்ன விற்கப் போகிறான்’ என்ற காவல் இருக்கிறது. ஆகவே புதிதாக ஆரம்பிக்கிறவர்களிடம், ஆர்டர் உறுதி, சரக்கு கிளம்பிய தகவல், ரசீது ஆகிய மூன்றிலும் கை வையுங்கள் என்று சொல்வேன். அவற்றைக் கண்டிப்பாகத் திறந்து பார்ப்பார்கள்.

அடுத்தது சப்ஜெக்ட் லைன். போன் திரையில் தமிழ் எழுத்து நிறைய இடம் எடுத்துக்கொள்ளும். நாலைந்து சொல் தெரிந்தால் பெரிது, மீதி வெட்டுப்பட்டுப் புள்ளிகளாகிவிடும். அதற்குக் கீழே மங்கலாக ஒரு வரி தெரியும். மடலின் முதல் வரியை ஜிமெயில் தானாக எடுத்து அங்கே போடுகிறது. பலர் அந்த இடத்தில் ‘இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா?’ என்ற வெற்று வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது வரி பொன். மேலே ஒரு வரியில் கேள்வியைத் தூண்டிவிட்டு, கீழ் வரியில் முடிச்சை அவிழ்க்கலாம்.

ஜாடிக்கு எழுதியது: மேலே, ‘ஊறுகாய் கெட்டால் ஜாடியைத் திட்டாதீர்கள்’. கீழே, ‘முதலில் அந்த ஈரக் கரண்டியை விசாரியுங்கள்’. உள்ளே மடலில் விஷயம் இருந்தது. நன்றாக வெந்து கிளேஸ் ஏறிய பீங்கான், உப்போடும் புளிப்போடும் வினைபுரியாது. உலோகப் பாத்திரத்தில் வைத்தால் அரிக்கும். ஆனால் எந்த ஜாடியானாலும் ஈரம் உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும். பியூஸ் கேரியருக்கு, ‘கரண்ட் போனால்தான் எங்கள் ஞாபகம் வரும்’ என்று மேலே. ‘அதற்கு முன்பே ஒருமுறை எட்டிப் பார்க்கிறோம்’ என்று கீழே. எலெக்ட்ரிக்கல் கடைக்காரர்கள் அந்த மடலைத் தங்கள் எலெக்ட்ரீஷியன்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது விலைப்பட்டியலும் ஆம்பியர் வாரியான அளவுகளும்தான். விலைப்பட்டியலை ஒருவர் இன்னொருவருக்கு விரும்பி அனுப்புவது எவ்வளவு அபூர்வம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எழுதுகிறவர் ஒரு மனிதராகத் தெரிய வேண்டும் என்பதற்கு வாரன் பஃபெட் நல்ல சாட்சி. பெர்க்ஷயர் ஹாத்தவே பங்குதாரர்களுக்கு அவர் எழுதி வந்த வருடாந்திரக் கடிதங்களில் கணக்கும் இருக்கும், நகைச்சுவையும் இருக்கும். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 1998-ல் வெளியிட்ட எளிய ஆங்கிலக் கையேட்டுக்கு அவர் முன்னுரை எழுதினார். எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸுடனும் பெர்ட்டியுடனும் பேசுவதாக நினைத்துக்கொள்வதாக அதில் சொல்கிறார்: அவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் கணக்கியல் படித்தவர்கள் இல்லை. நான் எழுதும்போது நினைத்துக்கொள்வது என் சித்தியை. பண்ருட்டியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அவரிடம் சொல்ல வாய் கூசும் வரியை மடலில் வைப்பதில்லை.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-ல் வாங்கி நடத்திய எஸ்.எஸ்.வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். விளம்பரம் தெரிந்த அந்த மனிதர் தேர்ந்தெடுத்தது நகைச்சுவைப் பத்திரிகையை. அதில் கல்கியின் பேனாவும் மாலியின் தூரிகையும் சேர்ந்தபோது அது தமிழ் வீடுகளின் பத்திரிகையானது. பம்பாயில் 1966-ல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பர நிறுவனம் உருவாக்கிய அமுல் வெண்ணெய்ச் சிறுமி இன்னும் நாட்டு நடப்பைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள். அதில் நான் மிகவும் மதிப்பது, அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் செய்த காரியத்தை. ஒவ்வொரு விளம்பரத்தையும் தன்னிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். நகைச்சுவை கமிட்டியில் பிழைக்காது. முதலாளி, அவர் தம்பி, ஆடிட்டர் என்று மூவர் திருத்தினால் மூன்றாவது ஆளிடம் சிரிப்பு செத்துப்போய்விடும். என்னோடு வேலை செய்பவர்களிடம் நான் செய்துகொண்ட ஏற்பாடு எளிது: விலை, அளவு, தேதி இவற்றை அவர்கள் சரிபார்ப்பார்கள், வாக்கியத்தை என்னிடம் விட்டுவிடுவார்கள்.

வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போனால் இந்தக் கலையை இலவசமாகப் படிக்கலாம். “இது மேஞ்சது புல்லு இல்லண்ணே, எங்க வீட்டுல காயப்போட்ட நெல்லு. அதான் இந்த வெல” என்று ஒருவர் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் சிரிக்க, பேரம் நடக்கும். கேலி ஆட்டின் மேலும் விற்பவரின் வீட்டின் மேலும்தான் விழும். வாங்க வந்தவரின் மடியில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி, அவர் உடுப்பைப் பற்றி, ஊரைப் பற்றிக் கேலி பேசும் வியாபாரியை நான் அங்கே பார்த்ததில்லை.

அந்த எல்லையைப் பெரிய கம்பெனிகள் தாண்டியபோது என்ன ஆனது என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. சிகாகோவில் 2008-ல் தொடங்கிய குரூப்பான், தினமும் அனுப்பிய தள்ளுபடி மின்னஞ்சல்களில் வேடிக்கையான எழுத்தை வைத்தே பேர் வாங்கியது. அதற்காக நகைச்சுவை எழுதத் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்திருந்தது. அதே கம்பெனி 2011 பிப்ரவரியில் சூப்பர் பௌல் போட்டியின்போது ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. திபெத்திய மக்களின் துயரத்தைச் சொல்ல ஆரம்பித்து, அவர்களுடைய மீன் குழம்புக்குத் தள்ளுபடி கிடைக்கிறது என்று முடிந்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களில் அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். மின்னஞ்சலில் தள்ளுபடியையும் உணவையும் வைத்துச் சிரிக்க வைத்தவர்கள், இங்கே அடுத்தவர் வலியை வைத்துச் சிரிக்கப் பார்த்தார்கள்.

நம் ஊரில் சொமேட்டோ. பசி நேரத்தில் வரும் அதன் குறும்புத் தகவல்கள் எல்லோருக்கும் பழக்கம். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் அதன் சேவைப் பிரிவில் இருந்தவர், இந்தி தேசிய மொழி என்றும் எல்லோரும் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் பதில் சொல்ல, பெரிய கொந்தளிப்பு எழுந்தது. கம்பெனி தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. கோயம்புத்தூரில் தமிழ் சேவை மையம் அமைத்துக்கொண்டிருப்பதாகவும் செயலியின் தமிழ் வடிவத்தைத் தயார் செய்வதாகவும் அதில் சொன்னது. அந்த அறிக்கையில் குறும்பு இல்லை. அதை எழுதியவர் சரியாகச் செய்தார் என்றே நினைக்கிறேன். கோபத்தில் இருப்பவரிடம் என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறோம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

குறும்பு தவறான நேரத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். அப்பாவின் கருமாதிக்குக் கொடுக்க வேண்டிய எவர்சில்வர் பாத்திரங்களை நான் ஓர் இணையக் கடையில் வாங்கியிருந்தேன். வர வேண்டிய நாளில் வரவில்லை. அதற்குப் பதிலாக, ‘உங்க பார்சல் ஊர் சுத்தப் போயிருக்கு!’ என்று சிரிக்கும் பொம்மையோடு ஒரு மெயில் வந்தது. எழுதியவருக்கு என் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. அதனால்தான், தாமதம், உடைசல், பணம் பாக்கி, விலை உயர்வு ஆகிய நான்கிலும் நான் நகைச்சுவைக்கு இடம் கொடுப்பதே இல்லை. அந்தப் பக்கம் யார் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் தண்ணீர் ஆவியாகி விளக்கு வெடித்துவிடும். அந்தச் சமயத்தில் எங்கள் மடல் இப்படிப் போகும்: “மழையால் விளக்குகள் காயவில்லை. ஒரு வாரம் தாமதமாகும். தீபத்துக்கு முன்பு கைக்கு வராது என்று தெரிந்தால் நாங்களே போன் செய்து சொல்கிறோம். முன்பணம் திரும்ப வேண்டும் என்றால் அன்றே அனுப்புகிறோம்.”

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முன்பு எத்தனை பேர் திறந்தார்கள் என்ற ஓப்பன் ரேட்டைப் பார்ப்பார்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. படிப்பவர் திறக்காவிட்டாலும் மடலில் உள்ள படங்களைப் பின்னணியிலேயே அது இறக்கிக்கொள்வதால், திறந்தது போலக் கணக்கு காட்டும். அந்த எண்ணை நம்பி இனி எதுவும் தீர்மானிக்க முடியாது. நான் பார்ப்பது பதில்களை. அதனால் எங்கள் மடல்கள் பதில் அனுப்ப முடியாத ‘நோ-ரிப்ளை’ முகவரியிலிருந்து போவதில்லை. பதில் போட்டால் யூனிட் முதலாளியின் போனிலேயே அடிக்கும்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதிகளை இறுக்கியது. ஒரே தட்டில் விலகும் வசதி இருக்க வேண்டும், ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நாங்கள் அனுப்புவது அந்த எண்ணிக்கைக்கு வெகு கீழே. இருந்தாலும் அந்த விதியை நாங்களே எடுத்துக்கொண்டோம். விலகும் இடத்தில் அழும் நாய்க்குட்டிப் படம் போட்டு, ‘எங்களை விட்டுப் போகிறீர்களா?’ என்று கெஞ்சிக் கேலி பண்ணுவது இப்போது பல கம்பெனிகளுக்கு வழக்கம். போக நினைப்பவரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளும் அந்தச் சிரிப்பு எனக்குச் சம்மதமில்லை. எங்கள் மடலின் அடியில் இருப்பது இரண்டு வரி: “இந்த மடல் இனி வேண்டாம் என்றால் இங்கே தொடுங்கள். உடனே நிறுத்திவிடுகிறோம், ஆர்டர் கொடுத்திருந்தால் அது வழக்கம்போல வந்து சேரும்.”